மங்கலாகத் தெரிந்த மலைகள்

2000 பெப்ரவரியில் ‘எண்டெவர்’ விண்ணோடம் 11 நாள்கள் புவியைச் சுற்றி, றேடார் கொண்டு தரையுயரங்களை அளந்தது. அதன் 30 மீற்றர்த் தரவுகள் ஐக்கிய அமெரிக்க நிலப்பரப்புக்கு மட்டுமே பொதுவில் வெளியிடப்பட்டன. எம் மலைநாட்டுக்குக் கிடைத்தவை 90 மீற்றர்த் தரவுகளே. 90 மீற்றர்ச் சதுரம் ஒன்றினுள் லயன் வரிசையும் அதன் பின்னுள்ள செங்குத்துச் சரிவும் ஒரே உயரமாகிவிடும்.

இக்கட்டுப்பாடு 2014 செப்ரெம்பரில் ஆபிரிக்காவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. அடுத்த மாதமே மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டன. தரவின்மையே அதற்குக் காரணமென நான் கூறேன். அபாயம் அங்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், அறிவிக்கப்படாத சரிவுகள் எத்தனை!

இன்று அத்தரவுகளை இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறலாம். புவியியல் மாணவனாகிய நான் அவற்றை இறக்கிப் பார்த்தபோது மகிழ்ச்சியைவிடச் சினமே மிகக் கொண்டேன்: என் ஊர்ச் சரிவுகள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வேறெங்கோ தெளிவாகவே இருந்திருக்கின்றன.