ராத்தாவின் மகளுக்கு ஒரு நகைப்பெட்டி

ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். என்ன கொடுப்பது?

1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் எங்கள் ஊரான மறிச்சுக்கட்டியை விட்டுப் புத்தளம் போனோம். போர் முடிந்து திரும்பினால், வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு. மிஞ்சியது ஒரு முதிரை நிலைச்சட்டம். நகைப்பெட்டி செய்ய அதையே எடுத்தேன்.

வெளியே சாம்பல் நிறம். சீவுளி போட்டதும் உள்ளே தேன் நிறம். ஆணியில்லாமல், கைவிரல்களைக் கோத்ததுபோல மூலைகளைப் பொருத்தினேன். ஒரு மூலையில் சின்ன இடுக்கு. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். மூடிக்குப் பித்தளைப் பிணைச்சல்.

1905 இல் முத்துக்குளிப்புக்காக மறிச்சுக்கட்டிக் கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பியது. அந்த முத்தில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. உம்மாவின் வெள்ளிக் கொலுசை உள்ளே வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் பழைய சட்டம் கிடந்தால் விறகாக்கிவிடாதீர்கள்.