கார்தாவூ

இங்கிலாந்தில் கோடைகால ஞாயிறுகளில் நான் நெப்போலியனின் சிப்பாய். 1815-இல் வாட்டர்லூவில் தோற்ற பிரெஞ்சுக் காலாட்படையை நடித்துக் காட்டும் குழு எங்களுடையது. நீலக் கோட்டு, உயரமான தொப்பி, 1777-ஆம் வருஷத்து மாதிரித் துப்பாக்கியின் நகல். ஆணைகள் மட்டும் பிரெஞ்சில். நெப்போலியனின் படை பின்பற்றிய 1791-ஆம் ஆண்டுப் பயிற்சி விதிகள்தான் எங்களுக்கும். இரண்டு வருஷம் அவற்றை ஸ்லோகம் மாதிரி, அர்த்தம் தெரியாமலே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பயிற்சியில் குறிபார்த்து நின்றோம். அடுத்து வழக்கமாக வருவது 'ஃபூ', சுடு. அன்று யாரோ கேமராவோடு குறுக்கே வந்துவிட்டதால் 'ரெத்ரெஸே' என்றார் தளபதி. துப்பாக்கியை நிமிர்த்தச் சொல்லும் ஆணை. எல்லாரும் நிமிர்த்தினார்கள். நான் சுட்டேன். குண்டில்லாத வெறும் மருந்துதான். இருந்தாலும் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "நீ ஆணையைக் கேக்கல, எண்ணிக்கிட்டிருந்தே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். முதல் மாதமே ஒன்று உறைத்தது. 'போர்த்தே', 'பிரெஸாந்தே' என்று நாங்கள் கேட்டதெல்லாம் 'நீங்கள்' விகுதி. பலரைப் பார்த்துச் சொல்வதால் பன்மை, அவ்வளவுதான் என்றார் ஆசிரியை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது 'சுடுங்கள்' என்றுதான் விழுகிறது.

பிறகு தட்டுத்தடுமாறி கப்பித்தான் குவாஞேயின் நினைவுக் குறிப்புகளைப் படித்தேன். நெப்போலியனின் காவல்படையில் இருந்தவர். முப்பது வயதைத் தாண்டித்தான் எழுதப் படிக்கக் கற்றார். முதுமையில் தன் போர்களை எழுதினார். நாற்பதில் வினைச்சொல் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு அவர் ஒரு ஆறுதல்.

அதைப் படிக்கும்போதுதான் புதுச்சேரியில் எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் சண்டை போட்டவர் என்பார்கள். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச்சின்னத்துக்குப் போவார். மற்ற நாட்களில் திண்ணையிலிருந்து எங்களைப் பார்த்து "கார்தாவூ!" என்று அதட்டுவார். நாங்கள் விறைப்பாக நின்று சிரிப்போம். அது பைத்தியக்காரச் சத்தம் என்றே நினைத்திருந்தோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அதே சொல்லுக்குத்தான் விறைத்து நிற்கிறேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால், உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

இந்தோசீனாவில் என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் எழுதியும் வைக்கவில்லை.

கடைசியில் "ரப்போ" என்பார். விரட்டுகிறார் என்று நினைத்து ஓடிவிடுவோம். இளைப்பாறுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்.