நான்கு நரம்பும் மூன்று விரலும்

இசைக்கு உருகாதார் உலகில் மிகச் சிலரே. ஆயினும் கேட்டு உருகுதல் எளிது. கற்று இசைத்தல் அரிது. இவ்வுண்மையைப் பிறர் சொல்லக் கேட்டிருந்த யாம், சென்ற ஆண்டு நான்கு நரம்புகளையுடைய ஒரு சிறு கருவியைக் கையிலெடுத்த பின்னரே மெய்யாக உணர்ந்தோம். அக்கருவி யுகுலேலே என்பது. யாம் அதில் வல்லேம் அல்லேம். இன்னும் தொடக்க நிலையினேம். ஆதலின் இக்கட்டுரை ஆசிரியன் மாணாக்கனுக்குப் பாடஞ் சொல்வதன்று. சிறிது முன்னே சென்றவன் பின்னே வருவானுக்கு வழியின் மேடு பள்ளங்களைக் கூறுவது போல்வது என்று அன்பர்கள் கொள்வார்களாக.

எம் பாட்டனார் எம்மூர்த் தேவாலயத்தில் பல்லாண்டுகள் ஆர்மோனியம் வாசித்தவர். எமக்குப் பத்து வயது நிகழ்ந்த காலத்தில், மாலைதோறும் எம்மை அருகிருத்திக் கட்டைகளின் மேல் எம் விரல்களை வைத்துப் பழக்க முயன்றார். யாமோ தெருவிற் பந்தாடுவார் குரல் கேட்டவுடன் எழுந்து ஓடினோம். சின்னாளில் அவர் எம்மை அழைப்பதை விடுத்தார். சினந்து ஒரு சொல்லும் சொன்னாரல்லர். அதுவே இன்று எம்மை வருத்துவது. இப்போது அவர் கைகள் நடுங்குகின்றன. ஆர்மோனியம் வெள்ளைத் துணி போர்த்தபடி வீட்டின் ஒரு மூலையில் இருக்கின்றது. அதனை விடுதிக்குக் கொணர்தல் இயலாது. அந்நிலையில் தோழர் ஒருவர் தம் யுகுலேலேயை எமக்கு இரவலாக அளித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஒரு பாமாலைக்கேனும் இசை கூட்டக் கற்றுப் பாட்டனார்க்கு வாசித்துக் காட்டுவது என்று உறுதி செய்துகொண்டோம்.

நிற்க, இக்கருவியின் வரலாற்றைச் சிறிது கூறுவாம். அத்திலாந்திக் கடலிலுள்ள மதீரா என்னும் போர்த்துகேயத் தீவினின்றும், 1879-ஆம் ஆண்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலேறி, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யும் பொருட்டு மக்கள் பலர் ஹவாய்த் தீவுகளை அடைந்தனர். அவர்களோடு அவர்கள் நாட்டுச் சிறு நரம்புக் கருவியும் வந்தது. அக்கப்பலில் வந்த தச்சர்களாகிய நூனெஸ், டயஸ், எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூவரும் ஹொனொலூலு நகரில் அவ்வினக் கருவிகளைச் செய்து விற்கலாயினர். கலாகவுவா மன்னரும் அதனை விரும்பிப் போற்றினார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்க நாடெங்கும் அதன் புகழ் பரவிற்று. யுகுலேலே என்னும் ஹவாய்ச் சொல்லுக்குத் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பலர் பொருள் கூறுவர். வாசிப்பார் விரல்கள் நரம்புகளின்மேல் துள்ளுதலால் அப்பெயர் வந்ததென்பர். எம் விரல்களோ துள்ளவில்லை, நெடுநாள் நொண்டின.

கருவியை மார்போடு அணைத்துப் பிடித்தால், முகத்தை நோக்கி மேலிருப்பது ஜி நரம்பு. அதன்கீழ் முறையே சி, இ, ஏ என்பன. மேலிருப்பதே தாழ்ந்த ஒலியினது என்று எண்ணினோம், அன்று. இரண்டாவதாகிய சி நரம்பே நான்கினும் தாழ்ந்தது. வீணையிற் போலவே இதன் கழுத்திலும் மெட்டுகள் உள. தோழர் புதிய நைலான் நரம்புகளைக் கட்டித் தந்தார். புது நைலான் நீண்டுகொண்டே செல்லும் இயல்பினது. ஆதலின் முதற் சில நாட்களிற் சுருதி நில்லாது. கைப்பேசியிலுள்ள சுருதி காட்டும் செயலியை முன்வைத்து, நாடோறும் பன்முறை முறுக்காணியைத் திருகினோம். இசைப்பதற்கு முன் கேட்கக் கற்க வேண்டும் என்பது அவ்வாறு யாம் பெற்ற முதற் பாடம்.

தம்முள் இயைந்த சுரங்கள் மூன்றோ நான்கோ ஒருங்கே ஒலிப்பதனைக் கார்டு என்பர். யாம் ஈண்டுச் சுரக்கூட்டு என்போம். சி என்னுங் கூட்டிற்கு ஒரு விரலே போதும். மோதிர விரலால் ஏ நரம்பை மூன்றாம் மெட்டில் அழுத்தி நான்கு நரம்பையும் மீட்டினால் அது பிறக்கும். ஜி, சி, இ என்ற மூன்றும் அழுத்தாத நிலையிலேயே அக்கூட்டிற்கு உரியன. ஏ ஒன்றே அயலது. அது மூன்று மெட்டு உயர்ந்து மேல் சி ஆகிவிடின் நான்கும் ஒன்றுபடும். இவ்வளவு எளிதாயின் ஒரு வாரத்தில் வல்லோமாவோம் என்று அன்றிரவு மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி நெடிது நில்லவில்லை. ஏ மைனர் கூட்டிற்கு நடுவிரல் ஜி நரம்பின் இரண்டாம் மெட்டில் நிற்க வேண்டும். அது நிற்கச் சுட்டுவிரலை இ நரம்பின் முதல் மெட்டில் வைப்பின் எஃப் ஆகும். ஜி-செவன் என்பதற்கோ, சுட்டுவிரல் இ நரம்பின் முதல் மெட்டிலும், நடுவிரல் சி நரம்பின் இரண்டாம் மெட்டிலும், மோதிர விரல் ஏ நரம்பின் இரண்டாம் மெட்டிலும் ஒருங்கே அமர வேண்டும். அமர்ந்த விரல் அயல் நரம்பைத் தொட்டு அதனை ஊமையாக்கிற்று. மெட்டிற்கு எட்ட அழுத்தினால் நரம்பு கரகரத்தது. அதனை ஒட்டி, அதன் பின்னே அழுத்திய போதே தெளிந்தது. விரல் நுனிகள் சிவந்து நொந்தன. ஆயினும் மூன்று வாரங்களில், தனித்தனியே கேட்பின், நான்கு கூட்டுகளும் எம் கையிற் பழுதின்றி ஒலித்தன.

சி, எஃப், ஜி-செவன் என்ற மூன்றையும் கொண்டே பாமாலைகள் பலவற்றிற்கு இசை கூட்டலாம். அத்துணிவினால் விடுதியின் மாலை வழிபாட்டில் ஒருநாள் வாசிக்க இசைந்தோம். பாட்டுத் தொடங்கிற்று. சி-யினின்று ஜி-செவனுக்குச் செல்ல வேண்டிய இடத்தில் யாம் நின்றோம், பாடுவார் நின்றாரல்லர். யாம் மூன்று விரல்களையும் தேடி வைத்த போது அவர்கள் அடுத்த அடியின் நடுவில் இருந்தனர். இவ்வாறு நான்கு முறை நிகழ்ந்த பின், கருவியை மடியில் வைத்துத் தலை குனிந்தோம். ஒருவரும் நகைத்திலர். பாட்டு எம்மையின்றியே இனிது முடிந்தது. அன்றிரவு கருவியைத் தோழரிடம் திருப்பித் தந்துவிடவும் எண்ணினோம்.

மறுநாள் வகுப்பில் நன்னூற் புணரியல் நடந்தது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்து நிகழும் மாறுதல்களை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். எம் மனமோ முந்தைய நாளின் நாணத்திலேயே இருந்தது. திடீரென ஓர் எண்ணம் எழுந்தது: யாம் இதுகாறும் சொற்களையே கற்றோம், புணர்ச்சியைக் கற்றிலேம்! ஏ மைனரினின்று எஃப் செல்வதில் நின்ற விரல் நிற்கப் புதுவிரல் ஒன்று வருகின்றது, அது தோன்றல். மீளும்போது அவ்விரல் நீங்குகின்றது, அது கெடுதல். சி-யினின்று ஜி-செவன் செல்வதில் மோதிர விரல் நரம்பை விட்டு எழவே வேண்டா, மூன்றாம் மெட்டினின்று இரண்டாம் மெட்டிற்கு வழுக்கி வந்தாற் போதும், அது திரிதல். எஃபினின்று ஜி-செவன் செல்வதிலும் சுட்டுவிரல் தன்னிடத்தே நிற்கும். யாமோ ஒவ்வொரு கூட்டிற்கும் எல்லா விரல்களையும் தூக்கிப் புதிதாகத் தேடினோம். இவ்வொப்புமை இலக்கணப்படி முற்றும் பொருந்தும் என்று கூறோம். ஆனால் எம் விரல்களுக்கு அது பொருந்திற்று.

அன்று முதல் கூட்டுகளைத் தனித்துப் பயிலாது, இரண்டிரண்டாகவே பயின்றோம். நான்கு எண்ணி மீட்டி, ஐந்தாவது எண்ணில் அடுத்ததற்கு மாறுதல்; மாறும்போது எவ்விரல் நிற்கும், எவ்விரல் செல்லும் என்று முன்னரே நினைத்தல்; எவ்வளவு மெதுவாயினும் எண்ணிக்கை பிறழாதிருத்தல். இவையே எம் பயிற்சி.

விடுமுறையில் ஊர் சென்றோம். மாலை ஜெபத்தின்போது கருவியை உறையினின்று எடுத்ததும் பாட்டனார் நிமிர்ந்து அமர்ந்தார். அவர் பாட, யாம் வாசித்தோம். மூன்றாம் அடியில் விரல் தவறிற்று. பழைய வழக்கப்படி நின்றோம். அவர் பாட்டை நிறுத்தி, "தம்பி, விரல் தவறினால் ஒரு சுரந்தான் கெடும், நீ நின்றுவிட்டால் சபையே நின்றுவிடும். இடக்கை வந்து சேராவிட்டாலும் வலக்கை நிற்காமல் மீட்டிக்கொண்டிருக்கட்டும்," என்றார். மீண்டும் தொடங்கினோம். இரண்டிடங்களில் தவறினோம், ஆயினும் நின்றிலேம். பாட்டு முடியும் வரை அவரோடு சென்றோம்.

பின்னர் அவர் தமக்கு விருப்பமான கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினார். எம் சுரக்கூட்டுகள் அதற்கு இசைந்தில. இராகத்தின் வளைவுகளின் குறுக்கே அவை நின்றன. ஆதலின் இடக்கையை எடுத்துவிட்டு, ஜி, சி என்ற இரு நரம்புகளை மட்டும் மெல்ல மீட்டினோம். அவ்விரண்டும் தம்முள் இளியும் குரலும் ஆவன. அஃதாவது பஞ்சமமும் ஷட்ஜமமும். அவரும் தம் குரலை அச்சுருதிக்கு இணக்கிக்கொண்டு பாடினார். விரலை எடுத்தலும் இசையில் ஒரு பகுதி என்று அப்போது அறிந்தோம்.

பாடி முடித்தபின், "தாத்தா, அன்று நான் எழுந்து ஓடினேனே" என்று தொடங்கினோம். மேலே சொல் எழவில்லை. அவர் அதனைக் கேட்டாரோ, கேளாரோ! கருவியைத் தம் பக்கம் இழுத்து, "இதில் எனக்கும் ஒன்று காட்டு," என்றார். அவர் மோதிர விரலைப் பற்றி ஏ நரம்பின் மூன்றாம் மெட்டில் வைத்தோம். விரல் நடுங்கிற்று, நரம்பும் சிறிது அதிர்ந்தது. யாம் மீட்டினோம். சி கூட்டுப் பிறந்தது. முன்னொரு நாள் எம் விரல்களைக் கட்டைகளின்மேல் வைத்தவரின் விரல் அன்று எம் கையில் இருந்தது.

எம்முடன் பயிலும் அன்பர்களுக்கு யாம் கூறத்தக்கது ஒன்றே. புதியதொன்றைக் கற்கத் தொடங்கினால் தவறுவீர்கள், தவறுங்கள். ஆனால் நில்லாதீர்கள். உங்கள் வீட்டு முதியோர் ஒருவர் உங்களுக்கு ஒன்றைக் கற்பிக்க விரும்பி அழைப்பாராயின், தெருவிற் பந்தாடுவார் எத்துணை உரக்கக் கூவினும், சிறிது நேரம் அவர் அருகில் இருந்துவிட்டுச் செல்லுங்கள்.