முதலாண்டு மாணவரின் கை நிற்கும் இடம்

பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு வகுப்புகளை நடத்துவது, பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒதுக்கப்படும் எளிய வேலை என்னும் எண்ணம் ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆராய்ச்சி மாணவருக்கு நெறியாளராக இருப்பதில் கிடைக்கும் மதிப்பும் மனநிறைவும், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அறுபது பேருக்கு அணிக்கோவையைக் கற்பிப்பதில் கிடைப்பதில்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் பள்ளி மாணவர் ஒருவர் பல்கலைக்கழக மாணவராக மாறுவது முதல் இரண்டு பருவங்களுக்குள் நிகழ்ந்தாக வேண்டியிருக்கிறது. பருவம் என்பது தேர்வோடு முடியும் ஏறத்தாழ ஆறு மாதக் கல்விக் காலம். அந்த மாற்றம் நிகழாதபோது, தேர்ச்சி பெறாத தாள்கள் 'அரியர்' என்ற பெயரில் அடுத்தடுத்த பருவங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மூன்றாம் ஆண்டில் கெட்டிக்கார ஆசிரியர் ஒருவர் வாய்த்தாலும் அச்சுமையை இறக்கி வைப்பது அவருக்கும் அரிதாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் தன்மையைப் பார்ப்பதற்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1794இல் சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அக்கல்லூரி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் உறுப்புக் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. மாநில நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பின் கணித மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி, இருநூற்றுக்குக் கணக்கிடும் 'கட் ஆஃப்' முறையே இடத்தைத் தீர்மானிக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுவதோடு, அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவர்களுக்கான கட்டணச் சலுகை அதற்கும் முந்தையது. கதவு இவ்வாறு அகலத் திறக்கப்பட்டது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய செயல்களுள் ஒன்று. திறந்த கதவின் வழியே வந்தவருக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதுதான் முதலாண்டு ஆசிரியரின் பொறுப்பு.

திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திப்பட்டை எடுத்துக்கொண்டால் இப்பொறுப்பின் அளவு தெளிவாகும். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றைக் கடந்தவுடன் அத்திப்பட்டுப் புதுநகரும் அதையடுத்து அத்திப்பட்டும் வருகின்றன. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம் ஆகிய மூன்றும் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்திருக்கின்றன. இங்கு வளரும் பிள்ளைகள் பொறியியலின் விளைவுகளைப் பிறந்தது முதல் பார்த்து வருபவர்கள். நிலக்கரி வரும் கன்வேயரையும், சாம்பல் கலந்த நீர் செல்லும் குழாய்களையும், ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையை நிறைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அறியாதவர்கள் அவர்களுள் இல்லை. அந்த இயந்திரங்களை வரைந்தவர், கணக்கிட்டவர் என்று எவரையும் நேரில் அறிந்திருக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் குறைவு. பள்ளி முடித்தவுடன் வடக்கே பொன்னேரி அரசுக் கல்லூரிக்குச் செல்வது பழகிய வழியாகவும், தெற்கே கிண்டிக்குச் செல்வது புதிய வழியாகவும் இருக்கிறது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டதால், புறநகர் ரயிலில் அங்கு இறங்கி மெட்ரோவுக்கு மாறிக் கிண்டியை அடைய முடிகிறது என்றாலும், மெட்ரோ கட்டணம் தினமும் கட்டுப்படியாகாத குடும்பத்தின் பிள்ளை, சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சென்ட்ரல் வரை சென்று, எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் ரயில் பிடிப்பதையே தேர்ந்தெடுக்கிறது.

இவ்வாறு வந்து சேரும் மாணவரிடம் பாட அறிவு குறைவாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டு, ஆசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் ஒலிப்பது. அது பெரும்பாலும் தவறான கணிப்பு. இருநூற்றுக்கு நூற்றுத்தொண்ணூறை ஒட்டி மதிப்பெண் பெற்றவருக்கு வகையீடும் தொகையீடும் தெரியாமல் இருப்பதில்லை. அவருக்குப் பழக்கமில்லாதது வேறொன்று. பள்ளியின் பொதுத்தேர்வுப் பயிற்சி, ஒரு கணக்கின் முதல் வரியைப் பார்த்தவுடன் அதன் கடைசி வரி வரை நினைவிலிருந்து எழுதும் திறனை வளர்க்கிறது. இடையில் எங்கேனும் விடுபட்டால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்வதே மதிப்பெண்ணுக்கு உகந்தது என்றும் கற்பிக்கிறது. பல்கலைக்கழகத்தில் கணக்குகள் அப்படியே திரும்பி வருவதில்லை. கை நடுவில் நிற்கும். நின்ற இடத்தைத் தானே கண்டு, அதைச் சொல்லால் வெளிப்படுத்தி, உதவி கேட்கவேண்டும். ஆங்கிலவழியில் படித்த நகரத்துப் பிள்ளைக்கே தயக்கம் தரும் இச்செயல், தமிழ்வழியில் படித்துவந்தவருக்கு இரட்டிப்புக் கூச்சத்தைத் தருகிறது. 'புரிந்ததா?' என்று பொதுவாகக் கேட்கப்படும் கேள்விக்கு 'புரிஞ்சுது சார்' என்று வகுப்பே ஒருமித்துச் சொல்லும் விடையில் எந்தத் தகவலும் இல்லை. ஆகவே மாணவரின் கை எங்கே நின்றது என்பதை அவர் சொல்லாமலே கண்டறிவதுதான் முதலாண்டு ஆசிரியத் தொழிலின் நடுநாயகமான திறன்.

அத்திறனைப் பழகுவதற்கு, முதலாண்டுப் பாடங்களுள் பொறியியல் வரைகலையைப் போல் உதவும் பாடம் வேறில்லை. முப்பரிமாணப் பொருளொன்றைத் தாளின் இரு பரிமாணத்துக்குள், அளவு குலையாமல் கொண்டுவரும் முறையே வரைகலை. இதன் கணித அடிப்படையை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் மோன்ஜ். கோட்டை அரண்களின் வடிவமைப்புக்காக அவர் உருவாக்கிய இம்முறை சில காலம் படைத்துறை இரகசியமாகக் காக்கப்பட்டு, 1795இல்தான் பாரிசில் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது. சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளி தொடங்கியதற்கு மறு ஆண்டு அது. இன்று இந்தியக் கல்லூரிகளில் பின்பற்றப்படுவது முதற்கோண வீழல் முறை. அதாவது பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவே பொருள் இருப்பதாகக் கொண்டு வரைவது. இதில் முன்தோற்றம் மேலேயும் மேல்தோற்றம் அதன் கீழேயும் அமையும். முதல் வாரத்திலேயே பலரைத் திகைக்க வைப்பது இந்த வரிசைதான்.

ஒரு கணக்கை அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். எழுபது மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டின் முதல் முனை கிடைத்தளத்துக்கு 20 மி.மீ. மேலேயும், செங்குத்துத் தளத்துக்கு 30 மி.மீ. முன்னாலும் இருக்கிறது, கோடு கிடைத்தளத்தோடு 30 பாகையும் செங்குத்துத் தளத்தோடு 45 பாகையும் சாய்ந்திருக்கிறது, அதன் தோற்றங்களை வரைக. வினாத்தாளில் இது ஒரே ஆங்கில வாக்கியமாக வரும். மாணவர் டிராஃப்டரைப் பலகையில் பொருத்தி, இரு தளங்களும் சந்திக்கும் ஆதாரக் கோட்டை இழுத்து, முதல் முனையின் இரு புள்ளிகளையும் குறித்துவிடுவார். அடுத்து, மேலுள்ள புள்ளியிலிருந்து 30 பாகையில் எழுபது மில்லிமீட்டர் கோட்டை இழுத்து, அதுவே முன்தோற்றம் என்று நின்றுவிடுவார். உண்மையில் அது கோடு செங்குத்துத் தளத்துக்கு இணையாக இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட ஓர் இடைப்படிதான். அந்தப் படியிலிருந்து கிடைப்பவை இரண்டு: மறுமுனை ஏறியாகவேண்டிய உயரமும், மேல்தோற்றத்தின் நீளமும். கோடு கிடைத்தளத்துக்கு இணையாக இருப்பதாகக் கொள்ளும் இன்னோர் இடைப்படியிலிருந்து, மறுமுனை முன்னால் வரவேண்டிய தொலைவும் முன்தோற்றத்தின் நீளமும் கிடைக்கின்றன. இந்நான்கையும் கவராயத்தால் சுழற்றிச் சேர்த்தால், மறுமுனை முதல் முனையிலிருந்து 35 மி.மீ. வலப்புறத்திலும் 35 மி.மீ. உயரத்திலும் வந்து விழுகிறது. அதாவது 30 பாகை என்று வினாவில் சொல்லப்பட்ட சாய்வு, தாளின் முன்தோற்றத்தில் 45 பாகையாகக் காட்சியளிக்கிறது. மேல்தோற்றத்தின் மறுமுனையும் அதே நிலைக்குத்துக் கோட்டில் வந்து பொருந்தினால் வரைபடம் சரி. பொருந்தாவிட்டால் எங்கோ பிழை. விடைப் புத்தகத்தைப் பார்க்காமலே தன் வேலையைத் தானே சோதித்துக்கொள்ள முடிகிறது என்பது, பொதுத்தேர்வு விடைக்குறிப்புக்குப் பழகிய மாணவருக்கு மிகப் பெரிய புதுமை.

இந்தக் கணக்கில் யாருடைய கை எங்கே நின்றது என்பது தாளிலேயே தெரிகிறது. பலகைகளுக்கிடையே நடந்து செல்லும் ஆசிரியர் ஒரு கேள்வியும் கேட்காமல் அறுபது நிலைமைகளையும் படித்துவிடலாம். இதற்கு ஒரே தடை அழிப்பான். அடித்தல் திருத்தல் இல்லாத விடைத்தாளே நல்ல விடைத்தாள் என்று பன்னிரண்டு ஆண்டுகள் கற்றுவந்தவர், ஆசிரியர் நெருங்குவதைக் கண்டதும் பிழையான கோட்டை அழித்துவிடுகிறார். சரியான விடை கிடைத்த பின்னரோ மெல்லிய அமைப்புக் கோடுகளையெல்லாம் அழித்துத் தாளைத் தூய்மைப்படுத்துகிறார். கடின முனைப் பென்சிலால் இழுக்கப்படும் அந்த அமைப்புக் கோடுகள்தாம் சிந்தனையின் தடம். முதல் சில ஷீட்டுகளில் எதையும் அழிக்கக் கூடாது, தவறான கோட்டின் மேல் ஒரு சிறு குறுக்குக்கோடு மட்டும் போடலாம் என்று விதித்துவிட்டு, அழுக்கான தாளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருப்பது, ஒரு பருவத்தின் போக்கையே மாற்றவல்ல சிறிய ஏற்பாடு. அத்திப்பட்டுப் பிள்ளைக்கு நாள்தோறும் கண்ணில் படும் அனல்மின் நிலையப் புகைபோக்கியே, மேல்நோக்கிக் குறுகும் வெட்டுக்கூம்பின் விரிப்பை வரைவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பாடநூலில் வரும் பெயரற்ற கூம்பைவிட அதைப் பற்றி அவர் துணிந்து வாய் திறப்பார்.

கணிதத்தில் கை நின்ற இடம் இவ்வாறு தானாகத் தெரிவதில்லை. அதைத் தெரியவைக்க வேண்டும். ஒரு கணக்கைக் கரும்பலகையில் முடித்துக்காட்டிய பின் ஐயம் கேட்பதைவிட, பாதியில் நிறுத்தி அடுத்த வரியை மட்டும் ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் பெயரின்றி எழுதித் தரச் செய்வது கூடுதலாகப் பலன் தருகிறது. பெயரில்லாத அறுபது துண்டுகளைப் புரட்டும்போது, இருபது பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறியிருப்பது வெளிப்படும். தான் ஒருவர் மட்டுமே தவறியதாக நினைத்து ஒடுங்கியிருந்தவருக்கு அதை அறிவதே பாதி மருந்து. மொழியையும் இங்கு கருதவேண்டும். 2010இல் கட்டடப் பொறியியலிலும் இயந்திரப் பொறியியலிலும் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கியது. ஆயினும் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலவழி வகுப்பிலேயே அமர்கின்றனர். அங்கே விளக்கத்தைத் தமிழில் சொல்லி, வினாவையும் விடையையும் ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவது தரக்குறைவு என்று எண்ணுவோர் இருக்கின்றனர். தமிழில் புரிந்துகொண்டவர் ஆங்கிலத்தில் எழுதக் கற்பது சில மாத வேலை. புரியாமலே ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவருக்கோ அந்தச் சில மாதங்கள் வாய்ப்பதே இல்லை.

காலமும் முதற்பருவத்துக்கு எதிராகவே நிற்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதங்களில் வருகின்றன. பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டால் கொசஸ்தலையில் வெள்ளம் பெருகி, ஆற்றின் கடைமடையிலுள்ள ஊர்களையும் தொடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. விடுதியில் இருக்கும் மாணவருக்கு விடுமுறையாக அமையும் மழைநாள், வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவருக்கு வீட்டுப் பொருள்களைப் பரணில் ஏற்றும் நாளாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மாலை நான்கு மணிக்குப் பின் வைக்கப்படும் சிறப்பு வகுப்பும் அப்படித்தான். அதில் கலந்துகொள்ளாதவரை அக்கறையற்றவர் என்று முடிவுகட்டுவதற்கு முன், இரண்டு ரயில்கள் மாறி அவர் வீடு சேரும் நேரத்தைக் கணக்கிடவேண்டும். வகுப்பு அட்டவணைக்கு நடுவிலேயே வாரம் ஒரு மணிநேரத்தை ஐயம் தீர்ப்பதற்கென ஒதுக்கினால், தொலைவிலிருந்து வருபவருக்கு அது எந்த உதவித்தொகைக்கும் குறைந்ததாக இராது. புதியவர்களுக்கென்று தொடக்கத்தில் நடத்தப்படும் அறிமுகப் பயிற்சி வாரங்களில், விருந்தினர் சொற்பொழிவுகள் சிலவற்றைக் குறைத்தாலே அதற்கான நேரம் கிடைத்துவிடும்.

முதற்பருவ முடிவுகள் வெளிவரும்போது சிலர் ஒன்றிரண்டு தாள்களில் தவறியிருப்பார்கள். அவர்களை விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, நகல் வந்த பின் உடன் அமர்ந்து ஒவ்வொரு விடையிலும் கை எங்கே நின்றது என்று பென்சிலால் குறிக்கச் செய்வது ஆசிரியரின் அடுத்த வேலை. மதிப்பெண்ணைக் கூட்டிப் பெறுவதற்கான வழியாகவே அந்நகல் வழக்கமாகக் கருதப்படுவதால், அதை ஒரு பாடப்பொருளாகப் படிக்கலாம் என்று யாரும் மாணவரிடம் சொல்வதில்லை. இரண்டு மூன்று விடைகளைக் குறித்த பின் பெரும்பாலோர் பென்சிலைத் தாமே வாங்கிக்கொண்டு மீதியைக் குறித்துவிடுகின்றனர்; இரண்டாம் பருவத்தின் முதல் வாரத்தில் கை உயர்த்தி, இத்தனையாவது வரியிலிருந்து புரியவில்லை என்று எண் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களே.