காப்பு நீக்கிய படம்

ஒரு மனிதன் எதைப் படம் பிடித்து மாட்டி வைக்கிறானோ, அதைக்கொண்டே அவன் எதை மதிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளலாம். நம்மவர் இல்லங்களின் சுவர்களைப் பாருங்கள். கலியாணக் கோலம் ஒன்று. தீமிதித் திருவிழாவில் எடுத்தது ஒன்று. பட்டமளிப்பு அங்கியுடன் பிள்ளை நிற்பது ஒன்று. மாலையிட்டு விளக்கேற்றிய பாட்டனார் படம் ஒன்று. அந்தப் பாட்டனார் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியிருப்பார். ஆனால் அவர் கையிலிருந்த உளி எந்தப் படத்திலாவது உண்டா? இல்லை. படமெடுக்கக் கூப்பிட்டபோது உளியைக் கீழே வைத்துவிட்டு, இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார். தொழிற்கருவி படத்தில் தெரிவது மானக்குறைவு என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அந்தக் கருவிகளையே படம் பிடிக்கிறவன். கெடாவில் சுங்கைப்பட்டாணிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிராணி உத்தியோகம். பகலெல்லாம் பேரேடும் சம்பளக் கணக்கும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், வீட்டின் பின்புறம் தகரக் கூரை வேய்ந்த ஒரு சிறு கொட்டகையில் தச்சு வேலை. அங்கே மின்சாரத்தில் ஓடும் வட்டவாள் ஒன்று, இழைப்பு யந்திரம் ஒன்று, துளைக்கருவி இரண்டு, பழைய கடைசல் யந்திரம் ஒன்று ஆகியவை இருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெள்ளைத் துணியை நிழலுக்குக் கட்டி, படம் எடுத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழில் பெயரெழுதி, அக்கம்பக்கத்து இளைஞர்களுக்குக் கொடுத்து வருகிறேன்.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர், “உத்தியோகத்தில் இருக்கிற கிராணிக்கு ஆசாரி வேலை எதற்கு?” என்றார். இந்தக் கேள்விக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. கைவேலை இழிவானது என்பது ஒன்று. அது பிறப்பினால் இன்னாருக்கு என்று எழுதப்பட்டது என்பது மற்றொன்று. 1953-ம் வருஷம் சென்னை ராஜ்யத்தில், பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து, மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகவேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து, 1954-ல் அது கைவிடப்பட்டது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கவேண்டும் என்பது எவ்வளவு அநியாயமோ, எழுத்து வேலைக்காரன் உளியைத் தொடலாகாது என்பதும் அவ்வளவு அநியாயமே. விசையை அழுத்துகிறவன் எந்தக் குலத்தில் பிறந்தவன் என்று எந்த மின்சார மோட்டாராவது கேட்டதுண்டா?

இந்த யந்திரங்கள் வீட்டுக்குள் வந்தது அண்மைக் காலத்தில்தான். 1895-ல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் ஃபைன் என்பவர் கையால் தூக்கும் மின்சாரத் துளைக்கருவியைச் செய்தார். துப்பாக்கிப் பிடிபோன்ற கைப்பிடியும் விரலால் அழுத்தும் விசையும் வைத்த கருவிக்கு, அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1917-ல் காப்புரிமை பெற்றனர். முன்பு ஆலையின் கூரைக்குக் கீழே மட்டும் இருந்த விசை, அதன் பிறகு சாதாரண மனிதனின் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. விசை வந்தது, ஆனால் ஆலையில் இருந்த மேற்பார்வையும் பயிற்சியும் அதனோடு கூட வரவில்லை.

எங்கள் கொட்டகையில் அறுபடும் மரம் பெரும்பாலும் ரப்பர் மரமே. ஒரு காலத்தில் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கறந்து ஓய்ந்த மரத்தை வெட்டி, புகைக்கூட்டு அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் விறகாக்கினார்கள். அறுத்துப் போட்டால் சில நாட்களுக்குள் நீலம் பாய்ந்து பூஞ்சணம் பிடிக்கும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை ஊட்டிச் சூளையில் உலர்த்தினால் அது நிலைக்கும் என்று கண்ட பிறகு, விறகு விலைபோன மரம் நாற்காலியாகவும் கட்டிலாகவும் கப்பலேறிற்று. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தாரின் உழைப்பும் இதில் உண்டு. ஜொகூரின் மூவார் இந்தத் தளவாடத் தொழிலால் பெயர்பெற்ற ஊராயிற்று. இன்று எங்கள் பக்கத்தில் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டுப்போன இளைஞரில் சிலர் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போனார்கள். சிலர் சிறு தளவாடப் பட்டறைகளில் அமர்ந்தார்கள். தாத்தா பால் வெட்டிய மரத்தைப் பேரன் வாளில் அறுக்கிறான்.

அந்தப் பேரன் வாளை எப்படி அறிகிறான்? கற்றுக்கொடுக்கும் ஆசான் அருகில் இல்லை. கைப்பேசியில் வரும் விளம்பரப் படத்தைப் பார்த்து விலை பேசுகிறான். படத்தில் உள்ளபடியே பூட்டி ஓட்டுகிறான். ஆகையால் அந்தப் படம் அவனுக்கு அலங்காரமன்று. அதுவே அவனுடைய பாடப்புத்தகம். பாடப்புத்தகத்தில் பிழை இருந்தால் மதிப்பெண் குறையும். இந்தப் படத்தில் பிழை இருந்தால் விரல் குறையும்.

வட்டவாளின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லுகிறேன். இரும்பு மேசையின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியாகப் பல்வட்டம் தலைநீட்டிச் சுழலும். பல்வட்டத்தின் மேலே கையும் சிராயும் படாமல் ஒரு மூடி இருக்கும். அதன் பின்புறம், அறுத்த பிளவுக்குள் நுழைந்து நிற்கும்படி மெல்லிய தகடு ஒன்று இருக்கும். பலகை அறுபடும்போது அதன் உள்ளிறுக்கம் தளர்ந்து, பிளவு மூடிக்கொண்டு வாளைக் கவ்வும். கவ்விய கணத்தில், பின்னாலே மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுகிறவன் மார்பை நோக்கி எறியும். பலகையைப் பிடித்திருந்த கை நிலைதவறி வாளின்மேல் விழும். பிளவை மூடவிடாமல் காப்பது அந்தத் தகடுதான்.

இனி, படங்களைப் பாருங்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர், தம் யந்திரங்களைப் படமெடுத்துத் தரும்படி என்னைக் கேட்டார். நான் மூடியும் தகடும் பூட்டி எடுத்துக் கொடுத்தேன். “தம்பி, பல் தெரியவில்லையே! மூடியைக் கழற்றி எடுத்தால்தானே பார்க்க அழகாக இருக்கும்?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். உலகமெங்கும் நடப்பதைத்தான் கேட்டார். தச்சு வேலைக்கான ஆங்கிலப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும், படம் தெளிவாகத் தெரியும் பொருட்டுக் காப்பு மூடி கழற்றப்பட்டிருக்கிறது என்று மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடுவது நீண்டகால வழக்கம். அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கிறவர் எத்தனை பேர்? நான் மறுத்துவிட்டேன். வேறொருவர் கழற்றி எடுத்துக் கொடுத்தார்.

எங்களூர் இளைஞன் ஒருவன், இருபத்திரண்டு வயதினன், இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லாதவன். அவன் வேலை செய்த பட்டறையில் வாளுக்கு மூடி இல்லை. மூடி என்று ஒன்று உண்டு என்பதே தனக்குத் தெரியாது என்று அவன் என்னிடம் சொன்னான். “நான் பார்த்த படத்திலெல்லாம் வாள் அப்படித்தானே இருந்தது, அண்ணே!” என்றான். இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அபாயமான யந்திரப் பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1967-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2024 ஜூன் மாதம் அது நீக்கப்பட்டு, 1994-ம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் விரிவாக்கப்பட்டு அதன் இடத்தில் நிற்கிறது. ஆனால் தனக்காக அறுக்கிறவனுடைய கொல்லைப்புறத்துக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கே வருவது படம் ஒன்றுதான்.

மூடி ஒருபுறம் இருக்க, வேகத்தைக் காட்டுவதிலும் படம் பொய் சொல்லும். பத்து அங்குலப் பல்வட்டத்தின் சுற்றளவு சுமார் 80 சென்டிமீட்டர். அது நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் முனை மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காமிராவின் கண்ணை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்தாலும், அதற்குள் பல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மின்னல்போன்ற விளக்கைக் கொண்டு அதைவிடக் குறுகிய கணத்தில் எடுத்தால், ஒவ்வொரு பல்லும் கூர்மையாகத் தெரியும். பார்க்கிறவன் கண்ணுக்கு அது உறங்கும் வாள். மாறாக, அறுபதில் ஒரு பங்கு நொடி திறந்து வைத்தால் பற்கள் மறைந்து, சாம்பல் நிறத் தட்டு ஒன்று புகைபோல் தெரியும். படக்கலை அறிந்தவர்கள் இதைத் தெளிவற்ற படம் என்று தள்ளுவார்கள். எனக்கோ இதுவே உண்மைப் படம். ஓடுகிற வாளை ஓடுகிறதாகக் காட்டுவது இதுதான்.

இந்த மயக்கம் படத்தில் மட்டுமன்று, கொட்டகையிலேயே உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அதன் கீழே நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டி ஓடும் வாள், நின்றுவிட்டது போலவோ மெல்ல ஊர்வது போலவோ தோன்றக்கூடும். அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற பொறியியலார், ஓடும் மோட்டாரை நின்றது போலக் காட்டி ஆராயவே மினுக்கு விளக்கை 1931-ம் வருஷத்தையொட்டிக் கையாண்டார். ஆராய்ச்சிக் கூடத்தில் அறிவு தந்த அதே வித்தை, அறியாதவன் கொட்டகையில் கையை இழக்கச் செய்யும். வாளுக்கு மேலே மினுக்காத விளக்கு ஒன்றைத் தனியே போடுங்கள் என்று என் படங்களின் அடியில் எழுதுகிறேன்.

இன்னொரு நீக்கமும் உண்டு. காப்பை நீக்குவதுபோலவே ஆளையும் நீக்குகிறார்கள். முதல் உலகப் போருக்கு முந்திய வருஷங்களில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர், தொழிலாளியின் விரலில் சிறு விளக்கைக் கட்டி, காமிராவை நெடுநேரம் திறந்து வைத்தார். படத்தில் ஒளிக்கோடு விழுந்தது. கையின் வழி தெரிந்தது. மனிதன் மங்கி மறைந்தான். வீண் அசைவைக் குறைத்து வேலையைச் சுருக்குவது அவர் நோக்கம். அதே காலத்தில் லூயிஸ் ஹைன் என்பவர் வேறுவிதமாகச் செய்தார். 1908 முதல் குழந்தைத் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்துக்காக ஆலை ஆலையாகச் சென்று சிறுவர்களைப் படம் பிடித்தார். 1912-ல் அவர் எடுத்த ஒரு படத்தில், நூற்பாலை யந்திரத்தில் விரல்களை இழந்த சிறுவன் கட்டுப்போட்ட கையோடு நிற்கிறான். 1938-ல் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்ததற்கு இத்தகைய படங்களும் துணையாயின. இருவர் கையிலும் இருந்தது காமிராதான். ஒருவருடைய படத்தில் மனிதன் மறைந்தான். மற்றவருடைய படத்தில் மறைந்திருந்தவன் வெளியே வந்தான்.

இதை எண்ணியே, நான் எந்தக் கருவியையும் தனியே எடுப்பதில்லை. பீடோங் பக்கத்தில் வயது முதிர்ந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் கைகளை வாளின் அருகே, தள்ளுகோலுடன், இருக்கவேண்டிய தூரத்தில் வைத்து எடுக்கிறேன். 2003-ல் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கச் செய்தபோது அந்த வகுப்பில் உட்கார்ந்தவன் நான். யந்திரத்தின் பாகங்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் தெரியும். தமிழ்ப் பெயர் தெரியாது. அவரோ இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் என்று பேசுகிறவர். அவர் காலத்துக்குப் பின்வந்த உறுப்புகளுக்கு நாங்கள் இருவரும் கூடிப் பெயர் வைக்கிறோம். அந்தப் பின்தகட்டைக் காட்டி, “இதற்கு என்ன பெயர் வைக்கலாம், ஐயா?” என்றேன். “உயிர்த்தகடு என்று எழுது, தம்பி” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

தோலைத் தொட்டவுடன் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தானே நின்றுவிடும் வாளும் இப்போது உண்டு. ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ம் வருஷத்தையொட்டிக் கண்டது. ஆனால் அதன் விலை நம் இளைஞர் பலருடைய மாதச் சம்பளத்துக்கு எட்டாதது. எட்டும் வரையில், சில வெள்ளிக்குக் கிடைக்கும் மூடியும் தகடும் தள்ளுகோலுமே நமக்குத் துணை. அவையும் இருக்கின்றன என்று தெரிந்தால்தானே கேட்டு வாங்குவான்?

எனவே, நேயர்களே, வேண்டுவது பெரிய காரியமன்று. யந்திரம் விற்கிறவர்கள் மூடியுடன் படம் போடட்டும். வாங்குகிறவர்கள், மூடி எங்கே என்று முதலில் கேட்கட்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் சுவரில் சுவாமி படம் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, காப்புடன் கூடிய வாளின் படம் ஒன்றையும் மாட்டட்டும். தொழில் செய்கிற தகப்பனைப் படமெடுக்கும்போது, கருவியைக் கீழே வைக்கச் சொல்லாமல் கையிலேயே இருக்கவிட்டு எடுங்கள். அந்தப் படத்தில் அவருடைய பத்து விரல்களும் தெரியட்டும்.