தள்ளாடும் முழங்கால்

ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழுகையில் முழங்கால் வலுவிழந்து தடுமாறியதுண்டா? என் உம்மா அதனை எவரிடமும் கூறாமல், சுவரோரமாகவே முஸல்லாவை விரித்துவந்தார்கள். "வயதாகிவிட்டது" என்று நம் இல்லங்களில் சொல்லப்படும் காரணம் பாதி உண்மையே.

மூட்டு தேய்ந்திருக்கலாம், எனினும் முழங்காலைத் தாங்கி நிறுத்துவதில் தொடையின் முன்புறத் தசைக்கே பெரும்பங்கு. வலிக்கு அஞ்சி நடையைக் குறைக்கக் குறைக்க அத்தசை மெலிகிறது. மூட்டு மேலும் தள்ளாடுகிறது. ஆகவே, முழு ஓய்வு இதற்கு மருந்தன்று. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதனை அழுத்தியவாறு 5 விநாடிகள் தசையை இறுக்கித் தளர்த்துங்கள். காலுக்கு 10 முறை. உம்மா இதனை லுஹருக்குப் பின் செய்துவந்தார்கள். பலன் தெரியச் சில வாரங்களாயின. (பிரியாணியைக் குறைப்பதுதான் கடினமாயிற்று! உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும்.)

அதுவரை நாற்காலியில் தொழ நாணுவானேன்? மூலநோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள்.

மூட்டு வீங்கினாலோ, மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.