ஆபரேட்டர் ரூமின் வெளிச்சக் கணக்கு

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பால்கனிக்குப் பின்னால் ஒடுங்கிய படிக்கட்டில் ஏறினால் ஆபரேட்டர் ரூம். கதவு கனமான இரும்பு. படம் வெளியேறும் சதுரத் துவாரங்களுக்கு மேல் இரும்பு ஷட்டர்கள் தொங்குகின்றன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் ஓடிய காலத்து எச்சரிக்கையின் மிச்சம் அது. இன்று அறைக்குள் படச்சுருளே கிடையாது.

காலைக் காட்சிக்கு முன் நான் போனபோது, ஆபரேட்டர் துவாரத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி படிந்தாலே திரையில் வெளிச்சம் குறையும் என்றார். கார்பன் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்வில் எரியும். குச்சி கரையக் கரைய இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். 2,000 அடி ரீல் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். அது முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றும். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளியில் படத்தையே அதற்கு மாற்ற வேண்டும். ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர்த் தியேட்டர்கள் பகிர்ந்துகொண்ட நாட்களில், ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் பறக்கும்.

இந்த வட்டாரத்துக்குப் படம் காட்டும் தொழில் புதிதல்ல. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டியவர். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான தியேட்டரைக் கட்டினார்.

இப்போது படம் ஹார்டு டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ சர்வருக்கு வந்துவிடுகிறது. ஆனால் பூட்டிய நிலையில்தான் வரும். குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரை மட்டும் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வர வேண்டும். சாவி வராவிட்டால், வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் படம் ஓடாது.

புரொஜெக்டரின் இதயம் ஒரு வகைச் சிப். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்தது. 2கே சிப்பின் மேல் 22 லட்சத்துக்கும் அதிகமான நுண்கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து, வெளிச்சத்தை லென்ஸுக்குள் அனுப்பும் அல்லது விலக்கும். விளக்கின் வெள்ளை ஒளியைப் பட்டகம் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரிக்கிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சிப். மூன்றும் மீண்டும் சேர்ந்து படமாகின்றன.

விளக்கு மாற்றும் வேலைதான் இந்த அறையில் ஆபத்தானது. செனான் விளக்கு எரியாமல் கிடக்கும்போதே அதற்குள் வாயு கடும் அழுத்தத்தில் இருக்கும், கைதவறினால் வெடிக்கும். அணைத்த பிறகும் விசிறி ஓடி, விளக்கு நன்றாக ஆறும்வரை ஆபரேட்டர் விளக்குப் பெட்டியைத் திறப்பதில்லை. முகத்துக்குக் கவசம், தடித்த மேலங்கி, கையுறை எல்லாம் போட்ட பிறகே தொடுகிறார். குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படவே கூடாது. தோலின் எண்ணெய்ப்பசை ஒட்டினால், சூட்டில் அந்த இடம் கெட்டு, விளக்கு பலவீனமாகும். கழற்றிய விளக்கையும் அதன் பாதுகாப்பு உறைக்குள்தான் வைக்கிறார்.

லேசர் புரொஜெக்டர் வந்த தியேட்டர்களில் இந்த வேலை இல்லை. லேசரின் ஆயுள் பல்லாயிரம் மணி நேரம். ஆனால் வாங்கும் விலை அதிகம் என்பதால் சிறிய தியேட்டர்கள் பல செனானிலேயே தொடர்கின்றன.

இனி வெளிச்சக் கணக்கு. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா வரையறைப்படி, திரையின் மையத்தில் வெள்ளை 14 ஃபுட்-லாம்பர்ட் பிரகாசத்துடன் இருக்க வேண்டும். 40 அடி அகல சினிமாஸ்கோப் திரையின் பரப்பு சுமார் 670 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரை என்றால், அதன் மேல் சதுர அடிக்கு 14 லூமன் வீதம் சுமார் 9,400 லூமன் ஒளி விழ வேண்டும். அகலம் 60 அடியானால் தேவை 21,000 லூமன். ஒன்றரை மடங்கு அகலத்துக்கு இரண்டேகால் மடங்கு ஒளி! துவாரத்துக் கண்ணாடியும், ஒலி ஊடுருவத் திரையில் போட்ட பொடித் துளைகளும் தம் பங்குக்கு ஒளியைத் தின்னும்.

விளக்கு பழசாகப் பழசாக அதன் உட்சுவர் கறுத்து ஒளி மங்கும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஈடுகட்டலாம். ஒரு கட்டத்துக்கு மேல் புது விளக்குதான் வழி. செலவுக்குப் பயந்து ஆயுள் முடிந்த விளக்கையே ஓட்டினாலும், கரண்டைக் குறைத்து வைத்தாலும், முப்பரிமாணப் படத்துக்கான வடிகட்டியை எடுக்காமல் சாதாரணப் படத்தைப் போட்டாலும், இரவுக் காட்சிகள் சேறாகக் குழம்பிவிடும். ஒளிப்பதிவாளர் நுணுக்கமாகச் செதுக்கிய நிழல் பார்ப்பவர் கண்ணுக்கு வந்து சேராது. பழி படத்தின் மேல் விழும்.

இந்த ஆபரேட்டர் தன் திரையின் வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். விளக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசும்போது அந்த நோட்டுதான் அவருக்கு ஆதாரம். எல்லாத் தியேட்டரிலும் இந்த நோட்டு இருக்க வேண்டும். அதை எழுதுகிறவருக்கு உரிய சம்பளமும் பயிற்சியும் வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. படம் மங்கலாகத் தெரிந்தால் இடைவேளைவரை காத்திருக்காதீர்கள். எழுந்து போய் ஊழியரிடம் சொல்லுங்கள்.